அரியலூர், பெரம்பலூர்: நர்சிங் கல்லூரி வந்தா மட்டும் போதுமா? ஆய்வு ஏன் நடக்கணும், எப்படி நடக்கணும்?

வீட்டில் ஒரு பெரியவர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸ் ஒரு விஷயத்தை மறக்காமல் சொல்லி அனுப்புவார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைங்க, இல்லன்னா முதுகுல புண்ணு வந்துடும்."

சொல்வது சரிதான். ஆனால் வீட்டு நிலைமை? மகன் திருப்பூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். மருமகள் காலையில் களை எடுக்கப் போனால் மதியம்தான் வருவார். வீட்டில் மிச்சம் இருப்பது இன்னொரு வயசான ஆள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யார் திருப்புவது? கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்தால் புண் குறையுமா, தரையில் பாய் போட்டால் கூடுமா? ஒரு நாளைக்கு நாலு முறைதான் திருப்ப முடியும் என்றால் எந்த நாலு நேரம்?

இந்தக் கேள்விகளுக்குப் பாடப்புத்தகத்தில் நேரடி பதில் கிடைக்காது. பாடப்புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் வெளிநாட்டு வார்டுகளில், நல்ல மெத்தையும் மூணு ஷிப்ட் நர்ஸும் இருக்கிற இடங்களில் கண்டுபிடித்தது. பெரம்பலூர் மக்காச்சோளக் காட்டுக்குப் பக்கத்து வீட்டுக்கு என்ன பொருந்தும் என்பதை, அங்கே போய்ப் பார்த்து, கணக்கெடுத்து, ஆய்வு செய்துதான் சொல்ல முடியும்.

அந்த வேலைக்குப் பெயர்தான் நர்சிங் ஆய்வு. அது நம் ஊரில் ஏன் நடக்க மாட்டேங்குது, நடந்தாலும் ஏன் பயன்படாமல் போகுது, மாற்ற என்ன வழி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதில் ஒன்று அரியலூர். அடுத்த ஆண்டே இன்னொரு அறிவிப்பு வந்தது. 2014க்குப் பிறகு தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளின் வளாகத்திலேயே நாடு முழுக்க 157 நர்சிங் கல்லூரிகள் அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மொத்த மதிப்பு ₹1,570 கோடி. தமிழ்நாட்டின் பங்கு 11 கல்லூரிகள். அந்த 11 இடங்களில் அரியலூரும் உண்டு.

பக்கத்தில் பெரம்பலூர். ரெண்டும் ஒரே மாவட்டமாக இருந்தவைதான். 2001ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது, 2002ல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007ல் மீண்டும் பிரிந்தது. அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களின் பட்டியலில் பெரம்பலூர் பெயர் நீண்ட காலமாக இருக்கிறது. ஆனால் தனியார் நர்சிங் கல்லூரிகளுக்கு அங்கே குறைவில்லை. தனலட்சுமி சீனிவாசன், தந்தை ரோவர் போன்ற கல்விக் குழுமங்களின் நர்சிங் கல்லூரிகள் பெரம்பலூரில் இயங்குகின்றன.

ஆக, சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்களில் அரசு, தனியார் இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு ஆண்டும் நர்ஸ்களை உருவாக்கப் போகின்றன. எத்தனை பேர் படிச்சு வெளியே வர்றாங்க என்ற கணக்கை எல்லோரும் கேட்போம். அந்தக் கல்லூரிகள் இந்த மண்ணில் இருக்கும் நோயாளிகளைப் பற்றி புதிதாக என்ன கண்டுபிடித்தன? இதை யாரும் கேட்பதில்லை.

நர்ஸ் ஏன் ஆய்வு செய்யணும்? அது டாக்டர் வேலை இல்லையா?

நிறைய பேருக்கு இருக்கும் சந்தேகம் இது. நோய் என்ன, எந்த மருந்து என்பது டாக்டரின் கேள்வி. ஆனால் மருந்து கொடுத்த பிறகு அந்த மனிதர் 24 மணி நேரமும் எப்படி இருக்கிறார், புண் வருதா, விழுந்துடுறாரா, வீட்டுக்குப் போனதும் மாத்திரை சாப்பிடுறாரா என்பதெல்லாம் நர்ஸின் கண்ணில்தான் முதலில் படும். கண்ணில் பட்டதைக் கணக்காக மாற்றினால் அது ஆய்வு.

கைவிளக்கேந்திய பெண்மணி என்று நாம் படித்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், விளக்கோடு நிற்கவில்லை. கிரிமியப் போரில் குண்டடி பட்டு இறந்தவர்களைவிட, மருத்துவமனை அசுத்தத்தால் வரும் நோயில் இறந்தவர்கள் அதிகம் என்பதை எண்களால் காட்டினார். அதற்காகவே ஒரு புது வகை வரைபடம் போட்டார். 1858ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினரானார்.

படுக்கைப் புண் விஷயத்துக்கே வருவோம். 1962ல் டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் செவிலியரும் உடன் பணியாற்றியவர்களும் முதியோர் வார்டில் ஆய்வு செய்து, யாருக்குப் புண் வர வாய்ப்பு அதிகம் என்பதை முன்கூட்டியே சொல்லும் அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். 1987ல் அமெரிக்கச் செவிலியர்கள் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் இருவரும் 'பிரேடன் ஸ்கேல்' பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். இன்றைக்கு நம்ம ஊர் நர்சிங் மாணவிகளும் அதைப் படிக்கிறார்கள். இந்த அளவுகோல்களின் உருவாக்கத்தில் முன்னின்றவர்கள் நர்ஸ்கள்.

இன்னொரு பெரிய உதாரணம், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக நர்சிங் கல்லூரி. அங்கே லிண்டா ஏகன் என்ற செவிலியர் தலைமையிலான குழு 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 பேரின் தரவுகளை எடுத்துப் பார்த்தது. 2002ல் வெளியான முடிவு இதுதான்: ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், நோயாளி 30 நாள்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7% கூடுகிறது.

'எங்களுக்கு வேலைப்பளு அதிகம்' என்று உலகம் முழுக்க நர்ஸ்கள் காலம் காலமாகச் சொன்னது புலம்பலாகத்தான் பார்க்கப்பட்டது. இந்த எண் வந்த பிறகு அது உயிர் பற்றிய கேள்வியாக மாறியது. 2016ல் வேல்ஸும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலமும் நர்ஸ் எண்ணிக்கைக்குச் சட்டம் கொண்டுவந்தன. குயின்ஸ்லாந்தில் என்ன ஆச்சு என்பதையும் இதே பல்கலைக்கழகக் குழு ஆய்வு செய்து 2021ல் வெளியிட்டது. கூடுதல் நர்ஸ்களுக்கு ஆன செலவைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல் மிச்சமானதாக அந்த ஆய்வு சொன்னது.

தமிழ்நாட்டில் தொகுப்பூதிய நர்ஸ்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் விஷயங்களுக்கும், இந்த மாதிரி ஒரு உள்ளூர் எண் கையில் இருந்தால் பேச்சே வேற மாதிரி இருக்கும். அதனால்தான் இது கல்லூரிக்குள் முடியும் விஷயம் இல்லை.

நம்ம ஊரில் ஆய்வே நடக்கலையா?

நடக்குது. தாராளமாக நடக்குது. அதுதான் வேடிக்கை.

எம்.எஸ்சி. நர்சிங் 2 ஆண்டுப் படிப்பு. ஒவ்வொரு மாணவரும் ஒரு ஆய்வேடு சமர்ப்பித்தாக வேண்டும். 2021-22 முதல் வந்த புதிய பி.எஸ்சி. பாடத்திட்டத்திலும் நர்சிங் ஆய்வும் புள்ளியியலும் என்ற பாடம் 7வது செமஸ்டரில் இருக்கிறது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து புராஜெக்ட் செய்கிறார்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் எத்தனையோ நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு ஆய்வேடுகள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்போ பிரச்னை எங்கே? நர்சிங் படித்த யாரிடமாவது 'எஸ்.டி.பி.' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம். ஏராளமான ஆய்வேடுகளின் கதை ஒன்றுதான். 60 பேரைத் தேர்ந்தெடுப்பது, சர்க்கரை நோய் பற்றியோ தாய்ப்பால் பற்றியோ ஒரு கேள்வித்தாள் கொடுப்பது, அரை மணி நேரம் பாடம் எடுப்பது, ஏழு நாள் கழித்து அதே கேள்வித்தாளை மறுபடியும் கொடுப்பது. மார்க் கூடியிருக்கும். 'பாடத் திட்டம் பயனளித்தது' என்று முடிவு எழுதலாம்.

பாடம் நடத்தினால் மார்க் கூடத்தானே செய்யும்? அது தெரிய ஆய்வு எதுக்கு? ஆறு மாசம் கழித்து அவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா, சர்க்கரை அளவு குறைந்ததா, காலில் புண் வந்ததா? உண்மையான கேள்விகள் இவைதான். ஆனால் அதைக் கேட்க ஆறு மாசம் அந்த மாணவி அங்கே இருக்க மாட்டார். வைவா முடிந்ததும் ஆய்வேடு லைப்ரரி அலமாரிக்குப் போகும். அடுத்த பேட்ச் வந்து வேறொரு தலைப்பில் வேறு 60 பேரை வைத்து மறுபடியும் முதலில் இருந்து தொடங்கும்.

இதில் மாணவிகள் மீது குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு வருஷத்தில், தனி ஆளாக, கைக்காசு போட்டு, தேர்வுக்கும் படித்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும்? அமைப்பு அப்படி. ஒவ்வொரு ஆய்வும் பூஜ்ஜியத்தில் தொடங்கி ஹால் டிக்கெட்டோடு முடிந்துவிடுகிறது.

ஏன் இப்படி ஆகுது? முக்கியமான 5 காரணங்கள்

1. நேரம் இல்லை. நர்சிங் ஆசிரியர் என்றால் வகுப்பு மட்டும் இல்லை. மாணவிகளை வார்டுக்கும் கிராமத்துக்கும் கூட்டிப்போக வேண்டும். ஹாஸ்டல் பொறுப்பு, தேர்வுப் பணி, இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல் எல்லாம் அவர்கள் தலையில்தான். ஆய்வு என்பது ராத்திரி சமையல் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்யும் வேலையாகிவிடுகிறது.

2. வழிகாட்டிகள் குறைவு. நல்ல ஆய்வு செய்ய, அதைச் செய்து பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில், பெங்களூரு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நர்சிங் பிஎச்.டி.க்கு தேசியக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கியதே இந்தக் குறையைப் போக்கத்தான். ஆனால் பிஎச்.டி. முடித்தவர்கள் பெரிய நகரங்களில் தங்குவதும், அனுபவம் வந்ததும் வெளிநாட்டுக்குக் கிளம்புவதும் சின்ன மாவட்டங்களுக்கு இழப்பு.

3. புள்ளிவிவரம் என்றாலே பயம். எத்தனை பேரை எடுக்கணும், எந்த டெஸ்ட் போடணும் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் எல்லாம் முடிந்த பிறகு, வெளியில் காசு கொடுத்து ஒருவரிடம் 'அனாலிசிஸ் போட்டுக் கொடுங்க' என்று கேட்பது சகஜம். அஸ்திவாரம் இல்லாத வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற கதைதான்.

4. அனுமதி வாங்குவதில் சிக்கல். மனிதர்களிடம் ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைக் குழுக்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இது நோயாளியின் பாதுகாப்புக்கானது, வேண்டாம் என்று சொல்லவே முடியாது. ஆனால் சின்னக் கல்லூரிக்குத் தனியாக ஒரு குழுவை நடத்துவது கஷ்டம்.

5. பணமும் படிக்கும் வசதியும் குறைவு. இளம் மாணவர்களை ஆய்வுக்குள் இழுக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979ல் இருந்து ஒரு குறுகிய கால உதவித்தொகைத் திட்டத்தை நடத்துகிறது. அது எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கானது. அதே வார்டில் அதே நோயாளியைப் பார்க்கும் நர்சிங் மாணவிக்கு அந்தக் கதவு இல்லை.

அப்போ பேப்பர் எண்ணிக்கையை ஏத்தினா சரியாகிடுமா?

'ஆய்வு உற்பத்தித்திறன்' என்ற சொல்லைக் கேட்டதும் பல நிர்வாகங்கள் செய்யும் முதல் வேலை, 'ஆளுக்கு வருஷத்துக்கு ரெண்டு பேப்பர்' என்று சர்க்குலர் போடுவது. இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வழி.

டார்கெட் வைத்தால் பேப்பர் வரும். ஆனால் எப்படிப்பட்ட பேப்பர்? காசு கொடுத்தால் எதையும் அச்சடிக்கும் போலி ஜர்னல்கள் ஏராளம். இதைத் தடுக்கத்தான் யு.ஜி.சி. 'கேர்' என்ற பெயரில் தரமான இதழ்களின் பட்டியலை வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியல் கைவிடப்பட்டதாக அறிவித்து, தரத்தைப் பார்க்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. இனி நல்ல இதழ் எது, போலி எது என்று பார்ப்பது அந்தந்தக் கல்லூரியின் கையில்.

எண்ணிக்கைப் போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. இங்குள்ள ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களைக் கொண்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதவைத்து, தங்கள் கட்டுரைகளைத் தாங்களே மேற்கோள் காட்டித் தரவரிசையில் உயர்ந்ததாக 2023ல் 'சயின்ஸ்' இதழில் செய்தி வெளியாகி சர்வதேச அளவில் பேசப்பட்டது. கல்லூரி தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. யார் சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அரியலூரில் புதிதாகத் தொடங்கும் ஒரு கல்லூரி அந்தப் பாதைப் பக்கம் திரும்பவே வேண்டியதில்லை.

அப்போ என்னதான் செய்யலாம்? 'ஒரு கேள்வி, பல பேட்ச்'

ரொம்ப எளிமையான ஒரு மாற்றத்தில் இருந்து தொடங்கலாம். ஒவ்வொரு மாணவிக்கும் ஒவ்வொரு தலைப்பு என்பதை விட்டுவிட்டு, ஒரு கல்லூரி அல்லது பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து, அந்த ஊருக்கு முக்கியமான ஒன்றிரண்டு கேள்விகளை எடுத்து, ஐந்து வருஷம் விடாமல் அதையே பின்தொடர்வது.

ஏன் இது முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். படுத்த படுக்கையாக இருக்கும் 60 பேரை ஒரு மாணவி ஆய்வு செய்கிறார். பத்தில் ஒருவருக்குப் புண் வருகிறது என்று வைத்தால், 6 பேர். பாதிப் பேருக்கு ஒரு முறை, மீதிப் பேருக்கு வேறு முறை என்று ஒப்பிட்டால் 4க்கு 2 என்று வரலாம். அது முறையின் பலனா, தற்செயலா என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவே 4 கல்லூரிகள், கல்லூரிக்கு ஆண்டுக்கு 75 பேர், ஒரே மாதிரியான படிவம், 5 ஆண்டுகள் என்றால்? 1,500 பேர். புண் வந்தவர்கள் 150 பேர். இப்போது ஒப்பிட்டால் அதில் அர்த்தம் இருக்கும். இது கணக்குக்காகச் சொன்ன எண்தான். ஆனால் மாணவிகளின் உழைப்பு ஒன்றுதான், அதைச் சேர்த்து வைக்கிறோமா, சிதற விடுகிறோமா என்பதுதான் வித்தியாசம் என்று புரியும்.

சரி, அரியலூர், பெரம்பலூருக்கு என்ன கேள்விகள்?

* மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்த மாத்திரையை எத்தனை பேர் விடாமல் சாப்பிடுகிறார்கள்? நிறுத்துபவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள்?

* சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும்: அரியலூர் என்றாலே சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும்தான். லாரி போகும் சாலையோர வீடுகளில் இருக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இருமல், மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? பெரம்பலூர் கல் குவாரித் தொழிலாளர்களுக்கு?

* பாம்புக்கடி: 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகச் சேர்த்தது. அதாவது ஒவ்வொரு பாம்புக்கடியும் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். கடித்த இடத்தில் இருந்து ஆஸ்பத்திரி வரும் வரை அந்த நோயாளிக்கு என்ன செய்தார்கள்? கயிறு கட்டினார்களா, எவ்வளவு நேரம் வீணானது?

* வீட்டில் படுக்கையில் இருக்கும் முதியோர்: நாம் தொடங்கிய அதே கேள்வி. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீடுகளில் பராமரிப்பு எப்படி நடக்கிறது?

* தேசிய நெடுஞ்சாலை விபத்துகள்: சென்னை - திருச்சி சாலை பெரம்பலூர் வழியாகத்தான் போகிறது. விபத்தில் தப்பியவர்கள் வீட்டுக்குப் போன பிறகு எப்படி இருக்கிறார்கள்?

இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கில் செலவாகும் லேப் தேவையில்லை. தேவை, ஒரே மாதிரியான படிவம், வீடு வீடாகப் போகும் கால்கள், விடாமல் பின்தொடரும் பொறுமை. கிராமப் போஸ்டிங்குக்கு எப்படியும் மாணவிகள் போகத்தான் போகிறார்கள்.

இதுக்கு முன்னுதாரணம் இருக்கா?

இருக்கு, வேலூரில். சி.எம்.சி.யில் நர்சிங் பள்ளி 1909ல் தொடங்கியது. 1946ல் அங்கே நர்சிங் பட்டப்படிப்பு வந்தபோது, நாட்டிலேயே முதலாவதாக அதைத் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அந்த நர்சிங் கல்லூரி 'கான்ச்' என்ற பெயரில் சொந்தமாக ஒரு சமூக நலத் திட்டத்தை நடத்துகிறது. குறிப்பிட்ட சில ஊர்களின் மக்களைத் தொடர்ந்து கவனிக்கிறது. அங்கே பேட்ச் மாறினாலும் ஊர் மாறுவதில்லை. செவிலியர்களின் தொடர் கல்விக்கென்று ஒரு ஆய்விதழையும் அந்தக் கல்லூரியே வெளியிடுகிறது.

நூறு வருஷப் பாரம்பரியத்தோடு ஒரு புதுக் கல்லூரியை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிட வேண்டாம். ஆனால் ஒரு பகுதி மக்களைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வது என்ற யோசனையை முதல் நாளிலேயே எடுத்துக்கொள்ளலாம். அதுக்கு நூறு வருஷம் தேவையில்லை.

கல்லூரிகள் உடனே செய்யக்கூடியவை

முதலில், நேரத்தை ஒதுக்க வேண்டும். வாரத்தில் அரை நாள் ஆய்வுக்கு மட்டும் என்று டைம்டேபிளிலேயே எழுத வேண்டும். அந்த நேரத்தில் வேறு டியூட்டி போடக் கூடாது. எல்லோருக்கும் முடியாவிட்டால், ஆண்டுக்கு நாலு ஆசிரியர்களுக்காவது சுழற்சி முறையில் கொடுக்கலாம்.

இரண்டாவது, ஆள்களையும் வசதிகளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு மாவட்டக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரு புள்ளியியலாளர் போதும். மாதம் ஒருநாள் உட்கார்ந்து, ஆய்வு தொடங்கும் முன்பே ஆலோசனை சொன்னால் பாதிப் பிரச்னை தீரும். அரியலூரில் நர்சிங் கல்லூரி மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே அமைகிறது என்பதால், நெறிமுறைக் குழு, சமூக மருத்துவத் துறை, மருத்துவப் பதிவேடுகள் ஆகியவற்றோடு சேர்ந்து வேலை செய்வது சுலபம். பெரம்பலூர் கல்லூரிகளையும் அதில் இணைக்கலாம்.

மூன்றாவது, எழுதுவதற்குக் கூட்டு வேண்டும். ஆய்வை முடித்தவர்கள் பலர் அதைக் கட்டுரையாக எழுதுவதில்லை. தனியாக உட்கார்ந்தால் கை ஓடாது, ஆங்கிலம் தடுக்கும், முதல் நிராகரிப்பு வந்ததும் மனசு விட்டுப்போகும். கட்டுரைகள் வெளியாவதை அதிகரிக்க என்னென்ன முயற்சிகள் பலன் தந்தன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006ல் தொகுத்துப் பார்த்தார்கள். எழுத்துப் பயிற்சி, எழுத்துக் குழு, எழுத்து வழிகாட்டி ஆகிய மூன்றுமே உதவியதாக அந்தத் தொகுப்பு சொன்னது. நாலு ஆசிரியர்கள் மாதம் இருமுறை சந்தித்து, ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துத் திருத்துவது. செலவு டீயும் வடையும்தான்.

நான்காவது, கையில் இருக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். 2024 நவம்பர் 25ல் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 3 ஆண்டுகளுக்கு ₹6,000 கோடி. 30 சர்வதேசப் பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை 6,300 அரசு நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் காசில்லாமல் படிக்கலாம். அரசு நர்சிங் கல்லூரிகள் இதில் இணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது முதல் வேலை. திட்டம் அரசு நிறுவனங்களுக்காகத் தொடங்கப்பட்டது என்பதால், தனியார் கல்லூரி மாணவிக்கு இந்த வசதி கிடைக்காது. இரண்டு தரப்பும் சேர்ந்து ஆய்வு செய்தால் இந்த இடைவெளியும் கொஞ்சம் குறையும்.

ஐந்தாவது, முடிவை ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பதில் சொன்ன அம்மாவுக்கு, அந்த ஆய்வில் என்ன தெரிந்தது என்று யாரும் வந்து சொல்வதில்லை. ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு, கிராம சபையில் பத்து நிமிடப் பேச்சு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பிரதி. இது நடந்தால் அடுத்த பேட்ச் அதே தெருவுக்குப் போகும்போது கதவு திறக்கும்.

'நர்ஸே பத்தலை, இதுல ஆய்வு வேறயா?'

இது நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2025 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023ல் உலகத்தில் சுமார் 2.98 கோடி நர்ஸ்கள் இருந்தார்கள், இன்னும் 58 லட்சம் பேர் பற்றாக்குறை. வார்டில் ஒரே நர்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆய்வு பற்றிப் பேசுவது ஆடம்பரமாகத் தெரியலாம்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். மாணவிகள் ஆய்வேடு எழுதுவது ஏற்கெனவே கட்டாயம். அந்த நேரமும் காசும் எப்படியும் செலவாகிறது. புதிதாக ஒரு பாரத்தைத் தூக்கச் சொல்லவில்லை. தூக்குகிற பாரத்தை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்கலாமே என்பதுதான் பேச்சு. மேலும், ஆள் பற்றாக்குறையால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்று எண்ணோடு காட்டும் ஆய்வு வந்தால்தான், ஆள் கேட்கும் கோரிக்கைக்கும் பலம் கூடும்.

அரசுத் தரப்பிலும் செய்ய வேண்டியது இருக்கிறது. 1947ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் 2023ல் நிறைவேறியது. கல்லூரிகளுக்கான விதிகளை எழுதும்போது கட்டடம், கட்டில், ஆசிரியர் எண்ணிக்கையோடு ஆய்வுக்கான நேரத்தையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். நர்சிங் மாணவிகளுக்கும் ஒரு குறுகிய கால ஆய்வு உதவித்தொகை கொடுக்கலாம். மாநில அளவில் மருத்துவப் பல்கலைக்கழகம், பல கல்லூரிகள் சேர்ந்து செய்யும் கூட்டு ஆய்வேடுகளுக்குத் தெளிவான வழிமுறை வகுக்கலாம்.

எதை வெச்சு அளக்கிறது?

அரியலூரிலோ பெரம்பலூரிலோ ஒரு நர்சிங் கல்லூரியின் ஆய்வு நல்லா நடக்குதான்னு தெரிஞ்சுக்கணும்னா, எத்தனை பேப்பர்னு மட்டும் கேட்காதீங்க. இந்த நாலு கேள்வியைக் கேளுங்க.

* போன வருஷம் தொடங்கிய ஆய்வை இந்த வருஷ மாணவிகள் தொடர்கிறார்களா?

* முடிவு எந்த வார்டிலாவது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது ஒரு நடைமுறையை மாற்றியதா?

* ஆய்வில் பங்கேற்ற மக்களுக்கு முடிவு தமிழில் போய்ச் சேர்ந்ததா?

* ஆசிரியர்களின் டைம்டேபிளில் ஆய்வுக்கு நேரம் இருக்கிறதா?

உங்கள் வீட்டுப் பிள்ளையை நர்சிங் கல்லூரியில் சேர்க்கப் போகிறீர்கள் என்றாலும், அட்மிஷன் நேரத்தில் இதைத் தாராளமாகக் கேட்கலாம். பதில் சொல்லத் தெரிந்த கல்லூரி, பாடத்தையும் ஒழுங்காகத்தான் நடத்தும்.

அரியலூர் மண்ணில் கிடைக்கும் கடல்வாழ் உயிரினப் புதைபடிவங்களைத் தேடி 19ஆம் நூற்றாண்டில் இருந்தே ஆய்வாளர்கள் வருகிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததை உலகத்துக்குச் சொன்னது அந்த ஆய்வுகள். வாரணவாசியில் அதற்கு ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. இந்த மண்ணின் கல்லுக்குக் கிடைத்த அந்தக் கவனம், அதே மண்ணில் இன்றைக்குப் படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கும் கிடைக்க வேண்டும். கல்லூரிகள் இருக்கின்றன, இன்னும் வரப்போகின்றன. மாணவிகள் இருக்கிறார்கள். கேள்வியும் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதை ஒரு பேட்ச் தொடங்கி வைத்தால், அடுத்த பேட்ச் கையில் எடுத்துக்கொள்ளும்.